முன் சில்லில் தேங்காயெண்ணெய்

லா சப்பல், பாரிஸ்
1987 வைகாசி

மகனே,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்குகிற பொறுமை இன்று எனக்கு இல்லை. எழுத்துக் கோணலாக இருந்தால் அதற்கு என் வயதைக் குறை சொல்லாதே. போன ஐப்பசியில் உன்னைச் சாவின் வாசல் வரைக்கும் அனுப்பிவைத்தது நேசன் இல்லை, நான். அதை நேற்றுக் காலையில்தான் அறிந்தேன். அறிந்து, நிலத்தில் இருந்து எழும்புவதற்குள் மத்தியானம் அடுத்த இடி விழுந்தது. அந்த உண்மை உனக்கு அன்றைக்கே தெரியுமாம். தெரிந்துகொண்டே நான் நேசனைத் திட்டியதைக் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாயாம். நான் பெற்ற பிள்ளை இப்படிச் செய்வான் என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் அவரை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. சார்செலில் உன் புது வீட்டு விலாசத்துக்கு ஒன்று தபாலில் வரும். இன்னொரு பிரதியை, அறை வாடகைக்கு உண்டு, பிள்ளை பார்க்க ஆள் தேவை என்று துண்டுகள் ஒட்டுகிற நம் சாமான் கடைக் கண்ணாடியில் ஒட்டப் போகிறேன். கடைக்காரரிடம் நாலைந்து பக்கம் வரும் என்று சொல்லி இடம் கேட்டேன். "அக்கா, நாலைஞ்சு பக்கத்தை ஆர் நிண்டு வாசிக்கிறது?" என்றார். "நான் உங்கடை கடை வாசல்லை நிண்டு நேசனைக் கத்தினதை எத்தினை பேர் நிண்டு கேட்டவை? அவை வாசிப்பினம்," என்றேன். அவர் இரண்டு பூசணிக்காய் விளம்பரங்களைக் கழற்றி எனக்கு இடம் விட்டார். ஆகவே உன்னையும் அவனையும் சரியாகத் தெரியாதவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்த கதையையும் முதலில் இருந்து எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீயும் நேசனும் ஒன்றாக இந்த நாட்டுக்கு வந்து, ஒரே அறையில் ஒரு மெத்தையைப் பங்குபோட்டுத் தூங்கியவர்கள். அவன் மன்னாரில் படகு எஞ்சின் திருத்தியவன். இங்கே செவ்ரானில் ஒரு கராஜின் மூலையை வாடகைக்குப் பிடித்து, நம்மவர்களுடைய மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக் கொடுத்தான். என்னை நீ கூப்பிட்டெடுத்த அன்று விமான நிலையத்தில் இரண்டு பேரும் நின்றீர்கள். இரண்டு பேரும் காய்ந்து கருவாடாகி நின்றதால் என் பிள்ளை எது என்று ஒரு கணம் தடுமாறிப் போனேன். அன்றிலிருந்து அவனும் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நம் வீட்டில்தான் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறியில் எலும்பு அவனுக்கு, ஈரல் உனக்கு என்று சண்டை பிடிப்பீர்கள்.

சாப்பிட்ட கையோடு மூன்று மோட்டார் சைக்கிள்கள் நம் கட்டிட முற்றத்துக்கு வந்துவிடும். நமக்குக் கீழ்மாடியில் இருக்கிற பெர்னார் ஐயா, ஓய்வுபெற்ற தபால்காரர், தன்னுடைய ஜெர்மன் அறுநூறு சிசி வண்டியை உருட்டிக்கொண்டு வருவார். நேசனிடம் ஒரு ஜப்பான் ஐந்நூறு. உன்னிடம் அந்த இத்தாலி ஐந்நூறு. மூன்றும் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டிகள். மூன்று பேருக்கும் தன்னுடையதுதான் உலகத்தில் பெரிது. பெர்னார் தன் வண்டிக்குச் செயினே இல்லை, எண்ணெய் போடவும் தேவையில்லை, இறுக்கவும் தேவையில்லை என்பார். எஞ்சின் இரண்டு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருப்பதால் ஒரு முக்காலியில் இருந்தபடியே வால்வுகளைச் சரிபார்க்கலாம் என்று இருந்தும் காட்டுவார். நேசன் ஒரு பொத்தானை அமத்துவான். எந்தக் குளிரிலும் அவனுடையது இயங்கும், நிலத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழாது. ஆனால் அதன் நாலு கார்புரேட்டரையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்ய அவன் ஒரு பகலைச் செலவழிப்பான். உன் வண்டியோ மழையைக் கண்டால் வயர்களுக்குக் காய்ச்சல் வந்து நின்றுவிடும். பாகம் தேவையென்றால் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடங்களில் நீ பிச்சைக்காரன் போல அலைய வேண்டும். ஆனாலும் நீ அதை முறுக்கிச் சத்தத்தைக் கேட்கவைத்து, "இதுக்கு முன்னாலை உங்கடை ரெண்டும் தையல் மெசின்," என்பாய். "மச்சான், தையல் மெசின் வீட்டை கொண்டுவந்து சேர்க்கும். உன்ரை வண்டி றோட்டிலை பாட்டுப் பாடிக்கொண்டு நிக்கும்," என்பான் நேசன்.

நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பாட்டுக்கு ஒப்பிட்டுப் பார்ப்பேன். என்னுடைய ஒப்பீடு கழுவித் துடைக்கிறவளுடைய ஒப்பீடு. பெர்னாருடையது துடைக்க இலகு, மூலைமுடுக்குக் குறைவு. நேசனுடையதில் குழாய்கள் கூட, ஆனால் அதன் முன் சில்லில் இருக்கிற பிரேக் தட்டு எவ்வளவு மழை பெய்தாலும் கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரிப் பளிச்சென்று இருக்கும். உன்னுடைய தட்டு வேறு இரும்பு. ஒரு இரவு நனைந்தால் போதும், காலையில் செம்மஞ்சளாகத் துருப்பூத்து நிற்கும். நீ ஒரு முறை பிரேக் பிடித்தால் அது தானாகவே உரசிப் போய்விடும் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. அந்தத் துருவைக் காணும்போதெல்லாம் என் கண் துணியைத் தேடும்.

ஏன் என்று உனக்குத் தெரியும், கண்ணாடியில் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். உன் அப்பா கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவரிடம் ஒரு இங்கிலாந்து முந்நூற்றைம்பது இருந்தது, அவர் வாங்கும்போதே கிழடு. உப்புக் காற்று அங்கே எந்த இரும்பையும் விட்டுவைக்காது. சைக்கிள் கம்பி, கதவுக் கொண்டி, தையல் ஊசி எல்லாவற்றையும் தின்றுவிடும். அதனால் சனிக்கிழமை தோறும் பழைய சாரத் துண்டில் தேங்காயெண்ணெய் தோய்த்து, அந்த வண்டியில் எங்கெங்கே வெள்ளையாக இரும்பு தெரிகிறதோ அங்கெல்லாம் பூசித் துடைப்பது என் வேலை. உன் அப்பா திருத்துவார், நான் துடைப்பேன். அந்த வண்டியின் பிரேக் முழுவதும் சில்லின் நடுவில் மூடிய குடத்துக்குள் இருந்தது. வெளியே கையெட்டுகிற இடத்தில் பிரேக் என்று ஒன்றும் இல்லை. எதைப் பூசினாலும் எவருக்கும் ஒரு கெடுதியும் வரவில்லை. அவர் போன பிறகு வண்டியை விற்றபோது, வாங்க வந்தவர் இது கடற்கரையில் ஓடிய வண்டிதானா என்று இரண்டு தரம் கேட்டார். அந்தப் பெருமை எனக்கு இன்றுவரை உண்டு. சரி, நேற்று வரை இருந்தது.

அந்த ஐப்பசிக் காலையைப் பற்றி இனி எழுதுகிறேன். முதல் நாள் பின்னேரம் நேசன் வந்து உன் முன் பிரேக்கின் கட்டைகளைக் கழற்றிப் புதிது போட்டுக் கொடுத்தான். நீ ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான் மச்சான் பிரேக் எண்டா பிரேக்," என்று அவன் முதுகில் தட்டினாய். இரவு முழுக்க மழை. விடியப்புறம் குப்பை போட முற்றத்துக்கு இறங்கினேன். உன் சில்லில் மறுபடியும் அந்தச் செம்மஞ்சள். நேற்றுத்தான் புதிதாகத் திருத்திய வண்டி, வேலைக்குப் போகிற பிள்ளை, இப்படித் துருவோடு போவதா என்று பொறுக்கவில்லை. மேலே வந்தேன். தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் இந்தக் குளிரில் போத்தலுக்குள் கட்டியாக உறைந்து கிடந்தது. சுடுதண்ணிக்குள் வைத்து உருக்கி, ஒரு துணியில் தோய்த்துக்கொண்டு போய், அந்தத் தட்டின் இரண்டு பக்கமும் ஒரு இடம் விடாமல் பூசினேன். துரு போய் மினுங்கியது. நன்றாகச் செய்தோம் என்ற திருப்தியோடு கை கழுவி உனக்குத் தேத்தண்ணி போட்டேன். நீ குடித்தாய், ஹெல்மெட்டை மாட்டினாய், விமான நிலைய வேலைக்குப் போனாய். நான் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தெருவுக்குள் மெல்லப் போகும்போது பின் பிரேக்கே உனக்குப் போதுமாயிருந்திருக்கும். போர்த் த லா சப்பலில், நெடுஞ்சாலை ஏறுகிற இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு லொறி சிவப்பு வெளிச்சத்துக்கு நின்றது. நீ முன் பிரேக்கை அழுத்தியிருக்கிறாய். அது பிடிக்கவில்லை. உன் தோள் எலும்பும் தொடை எலும்பும் லொறியின் பின் இரும்பில் உடைந்தன. வண்டி அதன் அடியில் போனது. நெடுஞ்சாலை ஏறியிருந்தால் என்று நேற்றிலிருந்து நினைக்கத் தொடங்குகிறேன், முடிக்க முடியவில்லை. பூசிய கை இதுதான். இதே கையால்தான் ஆஸ்பத்திரியில் உன் நெற்றியைத் தடவி, மாதாவே, என் பிள்ளையைக் காப்பாற்றினாயே என்று அழுதேன்.

உன் வண்டியைப் பொலிஸ் இழுத்து வைத்த இடத்துக்கு நேசன் போய்ப் பார்த்துவிட்டு மழையில் நனைந்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்தான். உன்னோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்றான். நான் வெளியே நின்றேன். அவன் கதவைத் திறந்து வரும்போது முகம் செத்துப்போய் இருந்தது. உள்ளே வந்து என்ன நடந்தது தம்பி என்று கேட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "கட்டையைச் சரியாப் பூட்டேல்லைப் போலை. விடுங்கோ அம்மா. தெரியாமல் செய்திட்டான்." அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். விட்டேனா? ஆஸ்பத்திரி விறாந்தையில் தாதிமார் ஓடிவரும்படி கத்தினேன். அடுத்த நாள் லா சப்பல் தெருவில், இந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கத்தினேன். என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன், உன்ரை கை விளங்காமல் போகும் என்று. அள்ளித் தூற்றுவதற்கு அந்தத் தெருவில் மண் இல்லை. இருந்திருந்தால் அதையும் செய்திருப்பேன். அவன் சாமான் பை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய் திறக்கவில்லை. குற்றம் செய்தவன் வாய் திறப்பானா என்று அதற்கும் கத்தினேன்.

ஒரு தாய் தெருவில் நின்று கத்தினால் நம் சனம் யாரை நம்பும்? பிரேக் பூட்டத் தெரியாதவனிடம் யார் வண்டியைக் கொண்டுபோய் விடுவார்கள்? ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். செவ்ரான் மூலையை அவன் விட்டுவிட்டான். இப்போது ஒரு உணவகத்தின் பின்னறையில் கோப்பை கழுவுகிறான். உன் கலியாணத்துக்குத் தோழனாக நிற்கப் போகிறவன் என்று எல்லோரும் அறிந்த பிள்ளையை நான்தான் வேண்டாம் என்றேன். அவனுக்கு அழைப்பும் போகக்கூடாது என்றேன். நீ அப்போதும் தலையைக் குனிந்துகொண்டு கறியைக் கிளறினாய். உனக்கு அந்த விபத்தின் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்து, உன் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தேன். இப்போது அதை நினைக்க எனக்கு உடம்பு கூசுகிறது.

நேற்று நடந்ததைக் கேள். நீயும் பெர்னாரும் மாரி முழுக்க இருந்து அந்த வண்டியைத் திருப்பி நிமிர்த்தி வைத்தீர்கள். கலியாணத்துக்கு முன் விற்றுவிட வேண்டும் என்று வரப்போகிற மருமகள் கேட்டுக்கொண்டாள், நியாயம்தான். நேற்றுப் பத்து மணிக்கு வாங்குகிறவர் பார்க்க வருவதாக இருந்தது. முதல் நாள் இரவு மழை. காலையில் முற்றத்தில் பார்த்தால் முன் சில்லில் அதே செம்மஞ்சள் துரு. பார்க்க வருகிறவர் என்ன நினைப்பார்? போனேன், எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். இப்போது வெயில் காலம் தொடங்கியதால் பாதி இளகியே இருந்தது. குந்தியிருந்து ஒரு பக்கத்தில் பாதி பூசியிருப்பேன். மேலே பெர்னாருடைய ஜன்னல் படாரென்று திறந்தது. "நோன்! நோன், மதாம்! பா ஸா!" வேண்டாம், அது வேண்டாம் என்று அந்த மனிதர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. வீட்டுச் செருப்போடு படிகளில் விழுந்தடித்து ஓடிவந்து என் கையில் இருந்த துணியைப் பறித்தார்.

எனக்கு அவருடைய பிரெஞ்சு முழுதும் விளங்காது என்று அவருக்குத் தெரியும். ஆகையால் செய்து காட்டினார். கைப்பிடியில் இருந்த பிரேக்கை அழுத்தினார். தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டைகளை விரலால் காட்டினார். "ஃப்ரான்," என்றார், பிரேக் என்று. பிறகு என் எண்ணெய்த் துணியைக் காட்டி, ஒரு உள்ளங்கையை மற்ற உள்ளங்கையில் வைத்து வழுக்கவிட்டார். வழுக்கி, வழுக்கி, கடைசியில் கையைச் சுவரில் கொண்டுபோய் மோதினார். மோதிவிட்டு, நல்ல காலம் நான் கண்டேன் என்பது போலச் சிரித்தார். ஐப்பசியிலும் நான் எண்ணெய் பூசியது அவருக்குத் தெரியாது. நான் அந்த ஈரக் கல்லில் அப்படியே இருந்துவிட்டேன். அவர் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, கையெல்லாம் எண்ணெய். அந்த மணம் நேற்று முழுக்க என் கையை விட்டுப் போகவில்லை. தம்பி, பெற்ற பிள்ளையை உடைத்தது தன் கைதான் என்று ஒரு தாய் அறிகிற கணம் எப்படியிருக்கும் என்று நான் உனக்கு விளக்கப் போவதில்லை. அது உனக்கு வேண்டாம்.

மத்தியானம் நேசன் வேலை செய்கிற உணவகத்தைத் தேடிப் போனேன். பின்பக்கக் கதவைத் தட்டினேன். ஏப்ரனோடு அவன்தான் திறந்தான். என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னுக்குப் போனான். இன்னும் திட்ட வந்தேன் என்று நினைத்திருப்பான்.

"அம்மா, இஞ்சை என்ன செய்யிறியள்?"

"நேசன், உண்மையைச் சொல்லு. அண்டைக்கு அந்தத் தட்டிலை என்ன கிடந்தது?"

"அது முடிஞ்ச கதை, அம்மா."

"முடியேல்லை. சொல்லு."

அவன் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வந்தான். "தேங்காயெண்ணெய்," என்றான். "குளிருக்கு உறைஞ்சு, கட்டை நிக்கிற கூட்டுக்குள்ளை மெழுகு மாதிரி வெள்ளையாக் கிடந்தது. மணந்த உடனையே விளங்கிட்டுது. இந்த ஊரிலை வேறை ஆர் அம்மா மோட்டச்சைக்கிளுக்குத் தேங்காயெண்ணெய் பூசுறது?"

"தம்பிக்குச் சொன்னனியோ?"

"ஓம். ஆஸ்பத்திரியிலை. அவன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவன். அம்மா அறிஞ்சா உயிரோடை இருக்க மாட்டா மச்சான், இப்போதைக்குப் பழியை உன்னிலை போட்டுக்கொள்ளு, கொஞ்ச நாளையிலை எல்லாரும் மறந்துபோவினம் எண்டான்."

"நீயும் ஓமெண்டிட்டாய்?"

"கொஞ்ச நாள் எண்டுதானே அம்மா நானும் நினைச்சனான்," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"நான் உன்ரை கையைத் திட்டினனான், நேசன்."

"ஓம் அம்மா. கேட்டனான்."

அவ்வளவுதான் சொன்னான். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். எப்போதும் நகக்கண்ணில் கறுப்பு ஒட்டியிருக்கிற கைகள். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறி, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஒழுங்கையில் வாய்விட்டு அழுதேன். உள்ளே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கலியாணத்துக்கு வா, தோழனாக நீதான் நிற்க வேண்டும் என்றேன். அவன் தலையாட்டவில்லை. "நீங்கள் கூப்பிட்டாக் காணாது அம்மா. அவன் கூப்பிடோணும். எல்லாருக்கும் அவன்தான் சொல்லோணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அவன் கேட்டதில் ஒரு சொல்லைக்கூட என்னால் குறைக்க முடியாது.

இனி உன்னிடம் வருகிறேன். அம்மா அறிந்தால் உயிரோடு இருக்க மாட்டாள் என்றாயாம். இதோ, அறிந்துவிட்டேன். நேற்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இன்று காலையில் பசித்தது, பாணும் சம்பலும் சாப்பிட்டேன். நான் உன் அப்பாவை மண்ணில் வைத்துவிட்டு வந்தவள். வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில் இறங்கியவள். என்னைப் பார்க்க உனக்குக் கண்ணாடிச் சாமான் போலவா இருக்கிறது? உன் அன்பு விளங்காமல் நான் இதை எழுதவில்லை. எலும்பு உடைந்து கிடக்கும்போதும் நீ என்னைத்தான் நினைத்தாய். அதை நினைத்தால் நெஞ்சு உருகித்தான் போகிறது. ஆனால் என் மனம் நோகாமல் இருக்க நீ இன்னொரு தாயின் பிள்ளையை எடுத்து எனக்கு முன்னால் போட்டாய். நானும் மிதித்தேன். நீ அன்றைக்கே, அம்மா இது உங்களுடைய எண்ணெயால் வந்தது என்று சொல்லியிருந்தால் நான் ஒரு மாதம் அழுதிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். நேசனுடைய கராஜ் இன்றும் திறந்திருக்கும்.

எனக்கு உங்கள் மூன்று பேரிலும் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த முற்றத்தில் நின்று கார்புரேட்டர், பிளக், வால்வு என்று தொண்டை வற்றக் கதைத்தீர்கள்? தேத்தண்ணியோடு நான் பக்கத்தில்தானே நின்றேன்? துணியும் கையுமாக உங்கள் வண்டிகளைத் துடைத்தவள் நான்தானே? அம்மா, இந்தத் தட்டில் மட்டும் எண்ணெய் படக்கூடாது என்று ஒருவர் ஒரு சொல் சொன்னீர்களா? உன் அப்பா தன் கிழட்டு வண்டியின் ஒவ்வொரு ஆணியையும் எனக்குத் தொட்டுக் காட்டியவர். வால்வு இடைவெளி பார்க்கிற தகட்டை என் கையில் தந்து, இறுக்கம் எப்படி இருக்கிறது என்று என்னையே கேட்பார். நீ கலியாணம் செய்யப் போகிறாய். வருகிறவளுக்கு எதையும் தொட்டுக் காட்டு. உனக்கு வேலையில் கரைச்சல் என்றால் அதைச் சொல், உடம்பில் நோவென்றால் அதைச் சொல், அவள் செய்த பிழையால் உனக்குக் கேடு வந்தால் அன்றைக்கே முகத்துக்கு நேரே சொல். அவள் அழுவாள். அழுதுவிட்டு உலை வைப்பாள். தாங்க மாட்டாள் என்று நீயே தீர்மானித்து மூடி வைக்காதே. நீ மூடி வைத்ததால் நான் எப்படிப்பட்ட மனுசியாகித் தெருவில் நின்றேன் என்று பார்த்தாய்தானே.

நேற்று வண்டி பார்க்க வந்தவரிடம் விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். மருமகளிடம் நான் பேசிக்கொள்கிறேன். கலியாணம் முடிந்த மறுநாள் அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெர்னார் நான் பூசியதைத் துடைத்துவிட்டார். இருந்தாலும் நேசன் அந்தப் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துப் பூட்டும் வரைக்கும் வண்டி முற்றத்தை விட்டு அசையக்கூடாது என்று அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். கலியாணத்துக்கு எனக்கென்று நீ பேசி வைத்திருக்கிற கார் வேண்டாம். நான் மாதா கோயிலுக்கு அந்த வண்டியின் பின்னால் வருகிறேன். ஓட்டுகிறவன் நேசன். பெர்னார் தன் மனைவியின் ஹெல்மெட்டைத் தருவதாகச் சொன்னார். பட்டுச் சேலைக்கும் அதற்கும் பொருந்துமா பொருந்தாதா என்று சனம் சிரிக்கட்டும். அவன் கை விளங்காது என்று கத்தியவள் அவன் பூட்டிய பிரேக்கை நம்பி இந்தத் தெரு முழுக்கப் போவதை, அன்று கேட்ட எல்லோரும் பார்க்கட்டும்.

ஆனால் அவன் வருவது என் கையில் இல்லை. அவனுடைய வேலை பின்னேரம் நாலு மணிக்கு முடியும். அந்தப் பின்கதவில் போய் நில். தொலைபேசியில் கூப்பிடாதே, ஆள் அனுப்பாதே, அம்மா சொன்னா என்று தொடங்காதே. நீ சொன்ன பொய்யை நீயே திருப்பி எடுத்து, தோழனாக வா என்று உன் வாயால் கேள். பிறகு இரண்டு பேரும் இந்தக் கடைக்கு வந்து, நிற்கிற ஆட்களுக்கு முன்னால் அதையே சொல்லுங்கள்.

கலியாண நாள் காலையில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நான் கடை வாசலில் நிற்பேன். நேசன் வந்தால் ஏறுவேன். அவன் வராவிட்டால் நீ கார் அனுப்பினாலும், நீயே மாலையோடு வந்து கூப்பிட்டாலும் அசைய மாட்டேன். கோயிலில் முன்வரிசை வாங்கில் உன் தாயின் இடம் காலியாக இருக்கும். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

உன் அம்மா